சுழியக் கோடு அங்கே. நம் கோடு எங்கே?



இங்கிலாந்தின் தென்கரையில் பீஸ்ஹேவன் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே கடலைப் பார்த்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையின் உச்சியில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவாக 1936ஆம் ஆண்டில் ஒரு தூண் எழுப்பினர். கிரீன்விச் வான்காட்சியகத்தின் வழியாகத் தெற்கு நோக்கி வரும் சுழியத் தீர்க்கரேகை இங்கிலாந்து மண்ணை விட்டுக் கடலில் இறங்கும் இடம் அது. ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால், பிரான்சின் நார்மண்டிக் கரையில் வில்லேர்-சூர்-மேர் என்னும் ஊரில் அக்கோடு மீண்டும் கரையேறுகிறது. அவ்வூரார் அதைத் தம் கடற்கரை நடைபாதையில் குறித்து வைத்துள்ளனர். பின்னர் ஸ்பெயின், அல்ஜீரியா, மாலி, புர்க்கினா ஃபாசோ, டோகோ ஆகிய நாடுகளைக் கடந்து, கானா நாட்டின் தேமா துறைமுக நகரில் அது அட்லாண்டிக் கடலைச் சேர்கிறது. அதற்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை நீர்ப்பரப்புதான்.

இவ்வூர்களுக்குச் செல்வோர் வடக்கு நோக்கி நின்று, இடக்காலை மேற்கிலும் வலக்காலைக் கிழக்கிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வர். அங்கே கண்ணுக்குத் தெரிவது என்ன? ஒரு கல், கடல், காற்று. அலைமீது கோடு எதுவும் ஓடுவதில்லை. அந்தக் கல் காட்டுவது இயற்கையின் எல்லையை அன்று. மனிதர்கள் கூடிப் பேசிச் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டை.

நம் பிள்ளைகளோ அக்கோட்டை மலையைப் போலவும் ஆற்றைப் போலவும் தானே அமைந்த ஒன்றாக மனனம் செய்கின்றனர். “கிரீன்விச், 0 பாகை” என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவனிடம், “நீ நிற்கும் இடம் எத்தனையாவது பாகை?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை வராது. அயலார் வீட்டு எண் தெரிகிறது. தன் வீட்டு எண் தெரியவில்லை!

என் கருத்து இதுதான்: ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் தீர்க்கரேகையைத் தன் மாணவர்களைக் கொண்டே அளந்து, பள்ளித் திடலில் ஒரு குறி நட வேண்டும். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் கீழே விளக்குகிறேன். சற்றே நீண்ட கட்டுரை, பொறுத்தருள்க.

வாக்கெடுப்பில் பிறந்த கோடு

அட்சரேகைக்கு இயற்கையே தொடக்கம் தந்துவிட்டது. பூமி சுழல்கிறது, சுழலும் உருண்டைக்கு இரு துருவங்கள் உண்டு, அவற்றின் நடுவே நிலநடுக்கோடு தானாக அமைகிறது. தீர்க்கரேகைக்கு அவ்வாறு இல்லை. துருவம் முதல் துருவம் வரை செல்லும் கோடுகள் யாவும் ஒன்றுபோலவே உள்ளன. எதை வேண்டுமானாலும் முதற்கோடு எனலாம். அதனால் பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்து எண்ணினர். ஆங்கிலேயர் கிரீன்விச்சிலிருந்து எண்ணினர். நாட்டுக்கு நாடு வரைபடம் மாறியது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1884ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பேராளர்கள் கூடினர். அக்டோபர் 13ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. கிரீன்விச்சை ஆதரித்தவை 22 நாடுகள். எதிர்த்தது ஒரே நாடு, சான் டொமிங்கோ. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. கிரீன்விச் வென்றதற்குப் பெரிய தத்துவம் எதுவும் காரணம் அன்று. உலகக் கப்பல்களில் பத்தில் ஏழு பங்குக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே கிரீன்விச் கணக்கிட்ட கடல்வரைபடங்களையே பயன்படுத்திவந்தன. பலர் பழகிவிட்டதை மாற்றுவதைவிடச் சிலர் மாறுவது எளிது என்று முடிவு செய்தனர். ஜப்பானும் துருக்கியும் அக்கூட்டத்தில் இருந்தன. மலாயாவுக்கு அங்கே நாற்காலி இல்லை.

பிரான்சு உடனே இணங்கவில்லை. 1911ஆம் ஆண்டில் தன் நேரத்தை மாற்றிக்கொண்டபோதுகூட, சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரைச் சொல்லவில்லை. பாரிஸ் நேரத்திற்கு 9 நிமிடம் 21 விநாடி பிந்திய நேரம் என்றே எழுதியது. அது கிரீன்விச் நேரம்தான்! இன்று அதே பிரான்சின் கடற்கரை ஊர் ஒன்று அக்கோட்டைத் தன் சிறப்பாகக் காட்டுகிறது.

இன்னொன்றும் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. ஜார்ஜ் எய்ரி என்ற வானியலாளர் 1851 முதல் பயன்படுத்திய தொலைநோக்கியின் நிலையே 1884இல் சுழியமாக ஏற்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் கைப்பேசியுடன் நின்றால் அது சுழியம் காட்டாது. ஏறக்குறைய 102 மீட்டர் கிழக்கே, பூங்காவிற்குள் நடந்த பிறகுதான் சுழியம் வரும். எய்ரி தம் கருவியைப் புவியீர்ப்பைக் கொண்டு நிலைநிறுத்தினார். அவ்விடத்தில் ஈர்ப்பு பூமியின் நடுவை நோக்கிச் சரியாக நிற்காமல் சிறிதே சாய்கிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் நடுப்புள்ளியிலிருந்தே கணக்கிடுகின்றன. கல் நட்ட இடத்திலேயே கோடு நிலைத்து நிற்கவில்லை என்பதை ஒரு மாணவன் அறிந்தால், அறிவியல் என்பது மனனம் செய்யும் பட்டியல் அன்று என்பதையும் சேர்த்தே அறிவான்.

நம்மவர் கொண்ட முதற்கோடு

கிரீன்விச்சுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மவர்க்கும் ஒரு முதற்கோடு இருந்தது. சூரிய சித்தாந்தம் முதலான வானியல் நூல்கள் உச்சயினி வழியாகச் செல்லும் கோட்டை அடிப்படையாகக் கொண்டன. அக்கோடு நிலநடுக்கோட்டைத் தொடும் இடத்தை ‘இலங்கை’ என்றனர். இன்றைய வரைபடத்தில் அப்புள்ளி நாம் அறிந்த இலங்கைத் தீவில் இல்லை. மாலத்தீவுக்குக் கிழக்கே வெறுங்கடலில் விழுகிறது. பஞ்சாங்கம் கணிப்போர், தம் ஊர் அக்கோட்டிற்கு எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே உள்ளது என்று பார்த்துத் திருத்தம் செய்தனர். அத்திருத்தத்திற்குத் தேசாந்தரம் என்று பெயர். ‘தேசாந்தரம் போனான்’ என்று வீட்டில் பேசும் அச்சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கின்றது.

பின்னர் சென்னை வந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வான்காட்சியகம் ஒன்றை அமைத்தது. அதன் கருவியைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் உள்ளது. ஜான் கோல்டிங்காம் என்பார் 1802ஆம் ஆண்டில் அவ்விடத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு சென்னை நேரத்தை வகுத்தார். அது கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906ஆம் ஆண்டில் இந்தியப் பொது நேரம் வரும்வரை இந்திய இரயில்கள் பல சென்னைக் கடிகாரத்தின்படியே ஓடின. தமிழ் பொறித்த ஒரு கல் துணைக்கண்டத்திற்கே நேரம் சொன்ன காலம் அது.

இவற்றைச் சொல்வது, “எல்லாம் நம்முடையதே, வெள்ளையர் பறித்துக்கொண்டனர்” என்று முழங்குவதற்காக அன்று. உச்சயினியும் ஓர் உடன்பாடு, நுங்கம்பாக்கமும் ஓர் உடன்பாடு, கிரீன்விச்சும் அவ்வாறே. எந்தக் கோட்டிலிருந்து எண்ணினாலும் நாம் நிற்கும் இடத்தை நாம் அளந்தாக வேண்டும்.

பாயான் லெப்பாஸில் நண்பகல் எப்போது?

பாயான் லெப்பாஸ் ஏறக்குறைய 100 பாகை 15 கலையில், அதாவது நூறேகால் பாகைக் கிழக்கில் உள்ளது. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை.) அக்கோடு தெலுக் கும்பாருக்குச் சற்றுக் கிழக்கே தீவின் தென்கரையைத் தொட்டுக் கடலில் இறங்குகிறது. நமக்கும் ஒரு கடற்கரைக் கோடு உண்டு, கல்தான் இல்லை.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். இந்த ஒரு வாய்பாட்டைக் கொண்டு நம் ஊரின் நேரக் கதையையே சொல்லிவிடலாம். சூரியன் நம் தலைக்கு நேர்மேலான கோட்டைக் கடக்கும் உண்மை நண்பகல், சராசரியாகக் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள்:

1905 ஜூன் முதல் (கிரீன்விச்சுக்கு 7 மணி முந்திய நேரம்): பிற்பகல் 12.19
1933 முதல் (7 மணி 20 நிமிடம்): 12.39
1941 செப்டம்பர் முதல் (7 மணி 30 நிமிடம்): 12.49
1942 முதல், ஜப்பானியர் ஆட்சியில், தோக்கியோ நேரம் (9 மணி): 2.19
1945 முதல், மீண்டும் 7 மணி 30 நிமிடம்: 12.49
1982 ஜனவரி 1 முதல் இன்றுவரை (8 மணி): 1.19

நாற்பதாண்டுக்கும் மேலாக மனிதர்கள் கடிகார முள்ளை ஆறு முறை அமைத்திருக்கின்றனர் என்று எண்ணாதீர்கள். 1905 முதல் 1982 வரை எழுபத்தேழு ஆண்டுகளில் நடந்தவை இவை. இத்தனை மாற்றத்திலும் பாயான் லெப்பாஸ் திடலில் நட்ட ஒரு கோலின் நிழல் ஒரு விரற்கடைகூட இடம் மாறவில்லை.

1982ஆம் ஆண்டு மாற்றம் தீபகற்பத்தையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்தில் இணைத்தது. நாடு முழுவதும் ஒரு கடிகாரம் என்பது நல்ல நோக்கம்தான். அதை நான் குறை கூறவில்லை. ஆயினும் அக்கடிகாரம் பின்பற்றும் 120 பாகைக் கோடு மலேசிய மண்ணை எங்கும் தொடுவதில்லை. சபாவின் கிழக்கு முனைக்கும் அப்பால் செல்கிறது. சண்டாக்கானில் சூரியன் உச்சிக்கு வந்து 71 நிமிடம் கழிந்த பிறகே பாயான் லெப்பாஸில் உச்சிக்கு வருகிறது. இரண்டு ஊர்களுக்கும் கடிகாரம் ஒன்றே.

நம் ஊர் விமான நிலையத்தையும் மறந்துவிடக் கூடாது. நம் தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்கும் விமானங்களின் பயணத் திட்டங்கள் மலேசிய நேரத்தில் எழுதப்படுவதில்லை. உலகெங்கும் விமானங்கள் சுழியக் கோட்டை ஒட்டிய உலகப் பொது நேரத்தையே பின்பற்றுகின்றன. நமக்குப் பிற்பகல் 1 மணி என்றால் விமானியின் தாளில் காலை 5 மணி. சுழியக் கோடு எங்கோ இருக்கிறது என்று எண்ணும் மாணவனின் வகுப்பறைக் கூரைக்கு மேலேயே அது நாள்தோறும் பயன்பட்டு வருகிறது.

இது நம் வீட்டைத் தொடும் செய்தி

“இதெல்லாம் வரைபடம் வரைவோர் கவலை; நமக்கென்ன?” என்று பெற்றோர் கேட்கலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, விடியற்காலை. பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7.05க்கும் 7.35க்கும் இடையே உதிக்கிறது. ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் உதயம் 7.35ஐ ஒட்டி வரும். காலைப் பள்ளி ஏழரை மணியை ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே அக்காலத்தில் நம் பிள்ளைகள் இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, இருட்டில் சாலையோரம் பேருந்துக்குக் காத்திருக்கின்றனர். கடிகாரம் 6 மணி காட்டும்போது பாயான் லெப்பாஸில் சூரியக் கணக்குப்படி மணி 4.41. அதே 6 மணிக்குச் சென்னையில் எழும் பிள்ளைக்குச் சூரியக் கணக்கில் மணி 5.51. அங்கே உடன்பிறந்தார் பிள்ளை ஆறு மணிக்கு எழுந்து படிக்கிறது, நம் பிள்ளை தூங்குகிறது என்று ஒப்பிட்டுத் திட்டுவதற்கு முன், இந்த 70 நிமிட வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் சூரியனைக் கேட்பது நியாயம் அல்லவா? கடிகாரத்தை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பள்ளித் தொடக்க நேரம், பேருந்து நேரம் ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேசும்போது, சூரிய உதயம் எத்தனை மணிக்கு என்ற எண் மேசைமேல் இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது, தொலைபேசி அழைப்பு. நுங்கம்பாக்கம் 80 பாகை 15 கலையில் உள்ளது. நாம் 100 பாகை 15 கலையில் இருக்கிறோம். வேறுபாடு 20 பாகை. சூரியன் நம் உச்சியிலிருந்து சென்னையின் உச்சிக்குச் செல்ல 80 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கடிகார வேறுபாடோ 2 மணி 30 நிமிடம். 80 நிமிடம் இயற்கை தந்தது. மீதி 70 நிமிடம் இரு நாட்டு அரசுகளின் முடிவு. வகுப்பில் கழித்தல் கணக்காகவே இதைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, இராகு காலம். நம்புவோர், நம்பாதோர் இருவர்க்கும் இது பொருந்தும். திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9.00 வரை என்று மனனம் செய்திருக்கிறோம். பகலை எட்டாகப் பிரித்து, உதயம் 6 மணி என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இங்கே உதயம் 7.15 என்றால், அதே இரண்டாம் பங்கு 8.45 முதல் 10.15 வரை வரும். நேரம் பார்ப்பதென்று முடிவு செய்த பிறகு, பார்க்கும் நேரம் வேறு ஊருடையதாக இருக்கலாமா?

அளந்து பார்க்கும் பழக்கம் ஏன் வேண்டும்?

புலனத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு செய்தி வலம் வருகிறது. பஞ்சபூதத் தலங்கள் அனைத்தும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன, நம் முன்னோர் அன்றே அளந்து கட்டினர் என்பது அச்செய்தி. படித்தவர்களும் பெருமிதத்துடன் அனுப்புகின்றனர். வரைபடத்தைத் திறந்து பார்ப்போம். திருக்காளத்தி, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில், சிதம்பரம் ஆகிய மூன்றும் 79 பாகை 42 கலையை ஒட்டி அமைந்துள்ளன. அது வியப்புக்குரியதே. ஆனால் திருவண்ணாமலை 79 பாகை 4 கலையில் உள்ளது. திருவானைக்காவல் 78 பாகை 42 கலையில் உள்ளது. முதல் மூன்றுக்கும் திருவானைக்காவலுக்கும் இடையே ஒரு பாகை, அதாவது கிழக்கு மேற்காக ஏறக்குறைய 109 கிலோமீட்டர். இதை ஒரே கோடு என்று சொல்ல முடியாது.

இவ்வாறு சொல்வதால் அத்தலங்களின் பெருமை குறையாது. பாடல் பெற்ற தலங்களுக்குப் பொய்க்கணக்கு தேவையில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மையாக அனுப்பும் பழக்கம் நம் பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும். தன் பள்ளியின் தீர்க்கரேகையைத் தன் கையால் அளந்த பிள்ளை, இத்தகைய செய்தி வந்தால் மகிழ்ந்து அனுப்பாது, எண்ணைச் சரிபார்க்கும். கிரீன்விச்சை மனனம் செய்வதும், தலங்கள் ஒரே கோட்டில் உள்ளன என்று நம்புவதும் ஒரே குறையின் இரு பக்கங்கள். இரண்டிலும் அளவுகோல் நம் கையில் இல்லை.

எப்படி அளப்பது?

வேண்டியவை: ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோல், தூக்குக்குண்டு, கயிறு, சுண்ணக்கட்டி, கடிகாரம். வேறு செலவு இல்லை.

1. திடலில் சமதளமான இடத்தில் கோலை நடுங்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அது நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

2. கோலை நடுவாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் வரையுங்கள். நண்பகலுக்கு முன் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். நண்பகலுக்குப் பின் நிழல் நீண்டு மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள்.

3. இரு குறிகளின் நடுப்புள்ளியையும் கோலையும் இணையுங்கள். அதுவே வடக்குத் தெற்குக் கோடு. உங்கள் பள்ளியின் தீர்க்கரேகை.

4. இரு நேரங்களின் நடுநேரமே நண்பகல். எடுத்துக்காட்டாக, 12.35க்கும் 2.03க்கும் நிழல் வட்டத்தைத் தொட்டால் நண்பகல் 1.19. நம் கடிகாரம் பின்பற்றும் 120 பாகைக் கோட்டில் அன்று நண்பகல் 12 மணி. 79 நிமிடத்தை 4ஆல் வகுத்தால் பத்தொன்பதே முக்கால் பாகை. 120இலிருந்து கழித்தால் 100 பாகை 15 கலை. விடை வந்துவிட்டது!

ஒரு நுட்பத்தை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சூரியன் ஆண்டு முழுவதும் கடிகாரம்போல் சீராக நடப்பதில்லை. பிப்ரவரியில் நம் நண்பகல் 1.33 வரை பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 1.03க்கே வந்துவிடும். சூரியனும் கடிகாரமும் ஒத்துப்போகும் நாள்கள் ஆண்டில் நான்கே: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகியவற்றை ஒட்டி. அவற்றுள் முதலாவது சித்திரைப் புத்தாண்டின் மறுநாள் என்பதைப் பாருங்கள். அளப்பதற்கு அதைவிடப் பொருத்தமான வாரம் வேறு ஏது?

ஏப்ரல் 3ஐ ஒட்டியும் செப்டம்பர் 9ஐ ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். அப்போது சில கணங்கள் கோலுக்கு நிழலே இராது. டிசம்பர் இறுதியில் ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் வடக்கே 55 சென்டிமீட்டர் விழும். ஜூன் இறுதியில் தெற்கே 33 சென்டிமீட்டர் விழும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் தீர்க்கரேகை கால் பாகை பிசகும். அதாவது 28 கிலோமீட்டர். நண்பகலை ஒரு நிமிடம் முன்னதாகக் குறித்த குழுவின் பள்ளி, கடலைத் தாண்டிப் புக்கிட் மெர்தாஜத்திற்கும் அப்பால் போய்விடும்! பிள்ளைகள் சிரிப்பார்கள்; மீண்டும் அளப்பார்கள். பல நாள் அளந்து சராசரி எடுப்பது ஏன் என்பதை அன்று அவர்களே சொல்வார்கள்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு சொல். இது அறிவியல் ஆசிரியர் வேலை என்று ஒதுங்க வேண்டாம். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுக்கும் நூலறிவோர் நடுப்பகலில் கோல் நட்டு, அதன் நிழல் கொண்டு திசை தேர்ந்ததைச் சொல்கிறது. திடலில் கோலை நட்டு வைத்துக்கொண்டு அப்பகுதியை விளக்கினால், உரையாசிரியர் இரண்டு பக்கம் எழுதியது இரண்டு நிமிடத்தில் விளங்கும். கணிதம், அறிவியல், தமிழ் மூன்றும் ஒரு கோலைச் சுற்றி அமர்ந்துவிடுகின்றன.

சில மறுப்புகள்

“பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை” என்பர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுக்காகவே கற்பித்தோம் என்று சொல்லிவந்த நாம், தேர்வு போன பிறகும் அதே ஓட்டத்தை ஓடுவது ஏன்? நிழலும் இரவு பகலும் தொடக்கப்பள்ளி அறிவியலில் வருகின்றன. தீர்க்கரேகை இடைநிலைப்பள்ளிப் புவியியலில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே இந்தக் கோல் ஒரு பாலமாகும். புறப்பாட நடவடிக்கை நாளில் ஒரு மணி நேரம் போதும்.

“கைப்பேசியைத் தட்டினால் எண் வந்துவிடுமே” என்பர். வரும். விடையைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் தட்டிப் பெற்ற எண் மறுநாள் மறந்துபோகும். வெயிலில் நின்று வியர்த்துப் பெற்ற எண் மறக்காது.

“சிறிய பள்ளி, குறைந்த மாணவர், எங்களால் ஆகுமா?” என்பர். ஆறு மாணவர் இருந்தாலும் ஆகும். ஒருவர் நிழல் பார்க்க, ஒருவர் மணி பார்க்க, ஒருவர் எழுத. பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் சூரியன் ஒன்றே.

குறிக்கல் நடும்போது ஒரு வேண்டுகோள். அதில் சிறப்பு வருகையாளர் பெயர் வேண்டாம். ஊர்ப்பெயர், பாகை, கலை, அளந்த ஆண்டு, அளந்த வகுப்பு; இவை தமிழிலும் மலாயிலும் இருந்தால் போதும். அடுத்த ஆண்டு மாணவர்கள் மீண்டும் அளந்து, கல்லில் உள்ள எண் சரிதானா என்று சோதிக்கட்டும். பீஸ்ஹேவன் தூணருகே செல்வோர் யாரோ சொன்ன கோட்டின்மேல் நின்று படம் எடுக்கின்றனர். நம் பிள்ளைகள் தாம் கண்ட கோட்டின்மேல் நிற்கட்டும். பாயான் லெப்பாஸ் பள்ளிகளில் தொடங்கிப் பட்டர்வொர்த், நிபோங் திபால் என்று ஊருக்கோர் எண் கிடைத்தால், எண்களை ஒப்பிட்டே பினாங்கு மாநிலத்தின் வரைபடத்தைப் பிள்ளைகள் வரையலாம்.

திருக்குறளில் 49ஆம் அதிகாரம் காலமறிதல். 50ஆம் அதிகாரம் இடனறிதல். அரசனுக்கும் வினைசெய்வோனுக்கும் சொன்ன அவ்விரண்டையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். தீர்க்கரேகைப் பாடமும் அவ்விரண்டையும் ஒன்றாகவே கற்பிக்கிறது. காலத்தை அளந்தால் இடம் தெரிகிறது. வரும் சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் உங்கள் பள்ளித் திடலிலோ வீட்டு வாசலிலோ ஒரு கோல் நடுங்கள். பிள்ளையின் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, நிழல் திரும்பும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள்.